இரண்டு இடம் தள்ளிப் போன புள்ளி

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியபோது, வழக்கம்போல் 'நேரத்தின் அருமை' அல்லது 'இளைஞர்களும் நாட்டின் எதிர்காலமும்' என்று எதையாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சென்ற செமஸ்டரில் எங்கள் ஹாஸ்டலில் நடந்த ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறெதை எழுதினாலும் எனக்கே ஒட்டவில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் கதாநாயகன் இல்லை. பாதி வில்லன் நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. மணி பதினொன்றரை இருக்கும். மறுநாள் லேப் ரெக்கார்டு வைக்க வேண்டும். வழக்கம்போல் ரெக்கார்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கணிப்பொறி விளையாட்டுகளை விற்கும் ஒரு ஆன்லைன் கடையைத் திறந்தபோது கண்ணை நம்ப முடியவில்லை. அதற்கு முந்தைய வாரம் 3,999 ரூபாய் போட்டிருந்த ஒரு புது விளையாட்டு, அன்றைக்கு 39 ரூபாய் 99 காசு!

தள்ளுபடி என்று எங்கும் எழுதவில்லை. பழைய விலையை அடித்துக் காட்டவும் இல்லை. வெறுமனே 39.99 என்று நின்றது. டிப்ளமோவில் மூன்றாவது வருடம் படிக்கிறவனுக்கு இதுகூடப் புரியாதா என்ன? 3,999.00 என்று அடிக்க வேண்டிய இடத்தில் யாரோ புள்ளியை இரண்டு இடம் இடப்பக்கம் தள்ளிவிட்டார்கள். பார்த்த மாத்திரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வரியை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேலைக்கு வரும்.

எதிர்க் கட்டிலில் இருந்த நண்பனை உலுக்கினேன்.

"மச்சான், எழுந்திருடா! நாலாயிரம் ரூவா கேம் நாப்பது ரூவா!"

"போடா... காலையில கேன்சல் பண்ணிடுவான். தூங்கு."

அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். நான் தூங்கவில்லை. ஒன்று வாங்கினேன். ஒரே நிமிடத்தில் 'கீ' வந்தது. (விளையாடாதவர்களுக்காக: 'கீ' என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட குறி. விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் தளத்தில் அதை அடித்தால், விளையாட்டு நம் கணக்கில் சேர்ந்துவிடும்.) அடித்துப் பார்த்தேன். சேர்ந்துவிட்டது! கை துறுதுறுத்தது. இன்னும் ஆறு வாங்கினேன். ஆக மொத்தம் ஏழு. 279 ரூபாய் 93 காசு.

அந்த ஆறு எதற்கு? அங்கேதான் என் புத்தி போயிற்று. மறுநாள் செகண்ட் இயர் தம்பிகள் ஆறு பேருக்கு, ஆளுக்கு 150 ரூபாய் என்று விற்றுவிட்டேன். "ஆஃபர்ல எடுத்தேன்டா, உங்களுக்காக" என்று வேறு சொன்னேன். 900 ரூபாய் கைக்கு வந்தது. செலவு போக 620 ரூபாய் லாபம், எனக்கு ஒரு விளையாட்டும் இலவசம். அன்றிரவு பஸ் ஸ்டாண்டு கடையில் பரோட்டாவும், வெகு நாள் ஆசைப்பட்ட ஒரு ஹெட்போனும். 'வியாபாரம்னா இதுதாண்டா' என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை காலை. கடையிலிருந்து மூன்றே வரியில் ஒரு மின்னஞ்சல். விலையில் பிழை நேர்ந்துவிட்டதாம், அந்த 'கீ'க்கள் செல்லாதவை ஆக்கப்பட்டனவாம், பணம் கடையின் 'வாலட்'டில் சேர்க்கப்பட்டதாம். வருத்தம் என்று ஒரு சொல்கூட இல்லை. என் கணக்கைத் திறந்தேன். விளையாட்டு இருந்த இடம் காலி!

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காசு வாங்கினான், பொருளைக் கொடுத்தான், பன்னிரண்டு நாள் கழித்து நம் வீட்டுக்குள் வந்து பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்றால் இது என்ன நியாயம்? பணத்தையும் கையில் தராமல், தன் கடையிலேயே மறுபடி செலவு செய்யச் சொல்கிறான். அறைக்குள் ஒரு மேடைப் பேச்சே நிகழ்த்திவிட்டேன்.

பேச்சின் நடுவே கதவு தட்டப்பட்டது. செகண்ட் இயர் தம்பி ஒருவன். மெலிந்த உருவம், அதிகம் பேசமாட்டான்.

"அண்ணா... கேம் காணோம்ணா. நான் ஏதும் தப்பா அழுத்திட்டேனா?"

அவன் அண்ணன் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறாராம். வெள்ளிக்கிழமைதான் லீவு. இரண்டு வெள்ளிக்கிழமையும் அண்ணனும் தம்பியும் அந்த விளையாட்டில் சேர்ந்து விளையாடியிருக்கிறார்கள். "போன்ல பேசினா சாப்டியா, தூங்கினியான்னு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்ணா. இதுல மூணு மணி நேரம் பேசிக்கிட்டே இருந்தோம்" என்றான். இருபத்திரண்டு மணி நேரம் விளையாடிச் சேர்த்த சேமிப்பு அதில் இருந்ததாம். 39.99 என்ற விலையை அவன் பார்த்ததே இல்லை. சீனியர் அண்ணன் சொன்னார், 150 ரூபாய் கொடுத்தான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடைக்காரன் எடுத்துட்டான்டா, நான் என்ன பண்ண முடியும்?" என்றேன். அவன் "சரிண்ணா" என்று போய்விட்டான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அந்த "சரிண்ணா" இருக்கிறதே, அது என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அப்பா சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் குறையைக் கொட்டினேன். அப்பா ஹோல்டர்களை எண்ணிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை வாங்கின?"

"ஏழு."

அப்பா எண்ணுவதை நிறுத்தினார். "ஒண்ணு வாங்கியிருந்தா நான் உன் பக்கம் பேசுவேன். ஏழு வாங்கியிருக்கியே... அந்த எமர்ஜென்சி லைட்டு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் வந்தது. நான் பத்தாவது முடித்த லீவில் கடைக்கு விலைச்சீட்டு எழுதுவது என் வேலை. எமர்ஜென்சி லைட் 480 ரூபாய். என் கோழிக் கிறுக்கலில் 4 என்பது 1 மாதிரி விழுந்து, 180 ஆகிவிட்டது. பால் ஊற்றும் பெரியவர் ஒருவர் வந்தார். சீட்டைப் பார்த்தார், 180 ரூபாயை எண்ணி வைத்தார். அப்பாவுக்கு விலை தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. அடக்க விலையே 390. ஆனாலும் ஒன்றும் பேசாமல் கட்டிக் கொடுத்துவிட்டார். அரை மணி கழித்து பஜாரில் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து, சீட்டைக் கண்டுவிட்டு, "பதினாலு பீஸும் எடுத்துக்கிறேன், பில் போடுங்க" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். "சீட்டுல போட்டிருக்கீங்களே" என்று அவர் வாதாடியபோது அப்பா சொன்னது: "அவருக்குத் தெரியாதுங்க, வாங்கினாரு. உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவர் போன பிறகு என்னிடம், "அந்த இருநூத்திப் பத்து ரூவா நட்டம், உன் கையெழுத்துக்கு நான் கட்டின ஃபீஸ்னு வச்சுக்கறேன்" என்றார்.

அப்பா சொல்வது மனசுக்குச் சரிதான். சட்டம் என்ன சொல்கிறது? தோற்றுப் போவதற்கு முன் கடைசியாக ஒரு முறை வாதாடிப் பார்க்கும் ஆசையில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, என் கதை உலகத்தில் பல பேருக்கு நடந்த கதை என்று தெரிந்தது.

சிங்கப்பூரில் 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்தது இது. 3,854 வெள்ளி விலையுள்ள ஒரு லேசர் பிரிண்டர், இணையத்தில் 66 வெள்ளி என்று தவறாக ஏறிவிட்டது. நள்ளிரவில் செய்தி பரவியது. 784 பேர் சேர்ந்து 4,086 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். கணிப்பொறி தானாகவே 'வாங்கியது உறுதி' என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தது. நிறுவனம் விழித்துக்கொண்டு மறுத்தபோது, நண்பர்கள் ஆறு பேர் வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்கள் ஆறு பேர் மட்டும் ஆர்டர் கொடுத்தது 1,606 பிரிண்டர்கள்! படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்களும் அதில் உண்டு.

வழக்கை விசாரித்தவர் வி.கே. ராஜா. 2004-இல் தீர்ப்பளித்தார். விலை தவறு என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தே அந்தத் தவறைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார்கள், ஆகவே அந்த ஒப்பந்தம் செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அவர்கள் நள்ளிரவில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட செய்திகளே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நின்றன. அதைப் படித்தபோது எனக்கு என் குரலே கேட்டது. "மச்சான், எழுந்திருடா! நாலாயிரம் ரூவா கேம் நாப்பது ரூவா!" எனக்கு எதிரான சாட்சி எதிர்க் கட்டிலில் போர்வைக்குள் படுத்திருந்தான்.

அப்படியானால் கடைக்காரன் எப்போதும் சரி, வாங்குகிறவன் எப்போதும் தப்பு என்று ஆகிவிடுமா? அதுவும் இல்லை.

நம் நாட்டிலேயே ஒரு மாணவரின் கதை உண்டு. ஒடிசாவைச் சேர்ந்த சட்ட மாணவர் அவர். 2014-இல் அமேசான் தளத்தில் 23,499 ரூபாய் மடிக்கணினி 190 ரூபாய்க்குக் கிடப்பதைப் பார்த்து ஆர்டர் கொடுத்தார். ஒன்றே ஒன்று, தன் படிப்புக்காக. ஆர்டர் உறுதி என்று செய்தியும் வந்தது. பிறகு ரத்து செய்துவிட்டார்கள். அவர் விடவில்லை. நுகர்வோர் மன்றம் போனார். கடைசியில் 2021-இல் ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம் அவருக்கு இழப்பீடும் செலவுத் தொகையுமாக மொத்தம் 45,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஏழு வருடம் ஒரு மனிதன் விடாமல் நின்றால் இவ்வளவும் நடக்கும் என்பதே நமக்கு ஒரு பாடம்.

இங்கிலாந்தில் 2002-இல் கோடாக் நிறுவனம் 329 பவுண்டு கேமரா ஒன்றை 100 பவுண்டு என்று தவறாகப் போட்டது. முதலில் மறுத்தது. ஆனால் ஆர்டரை ஏற்றுக்கொண்டதாக வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் போய்விட்டிருந்தது. கடைசியில் அந்த விலைக்கே கொடுத்தது. அந்த விலையைப் பார்ப்பவர் 'தள்ளுபடி போலிருக்கிறது' என்று நம்ப இடம் இருக்கிறது அல்லவா? 66 வெள்ளி பிரிண்டரை அப்படி நம்ப முடியாது.

இங்கே ஒரு சின்ன சட்டக் குறிப்பு. கடை அலமாரியில் பொருளும் விலையும் வைத்திருப்பது, 'வந்து கேளுங்கள்' என்ற அழைப்புதானாம். நாம் எடுத்துக்கொண்டு போய் நீட்டுவதுதான் கோரிக்கை. கடைக்காரர் ஏற்றால்தான் ஒப்பந்தம். 1953-இல் ஒரு மருந்துக் கடை வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது இது. இதை வைத்துக்கொண்டுதான் பல ஆன்லைன் கடைகள், 'பொருளை அனுப்பிய பிறகுதான் ஒப்பந்தம்' என்று நிபந்தனையில் எழுதி வைத்திருக்கின்றன. பிரிண்டர், மடிக்கணினி என்றால் லாரியில் ஏற்றும் வரை அவகாசம் உண்டு. தப்பைக் கண்டுபிடித்து நிறுத்திவிடலாம். ஆனால் விளையாட்டு 'கீ' ஒரே நிமிடத்தில் கைக்கு வந்துவிடுகிறது. 'இன்னும் அனுப்பவில்லை' என்று கடை சொல்ல முடியாது. ஆகவே அது வேறொன்று செய்கிறது. கொடுத்ததைத் திரும்ப எடுக்கிறது!

எப்படி எடுக்க முடிகிறது? நம் பிரிவு மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விளையாட்டின் கோப்புகள் நம் வட்டில்தான் இருக்கின்றன. ஆனால் அதை ஓட்டும் உரிமை நிறுவனத்தின் சர்வரில் ஒரு பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நம் கணிப்பொறி அங்கே போய் 'இவன் பேர் இருக்கா?' என்று கேட்கிறது. அந்த ஒரு வரியை அழித்தால் போதும். நாற்பது, ஐம்பது ஜிபி கோப்பு வைத்திருந்தும் பயனில்லை. பெட்டி நம்மிடம், சாவி அவர்களிடம்.

இந்த வசதி இருப்பதால், விலைத் தவறு என்றில்லை, எந்தக் காரணத்துக்காகவும் பறிக்கலாம் என்றாகிவிட்டது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமை இல்லாதவர் விற்ற பதிப்பு என்று காரணம் சொல்லி, மக்கள் காசு கொடுத்து வாங்கிய மின்நூல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் அழித்தது. அழிந்த நூல்களில் ஒன்று எது தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'. மக்களை எந்நேரமும் கண்காணித்து, பழைய ஏடுகளைத் திருத்தி அழிக்கும் ஓர் அரசைப் பற்றிய நாவல்! அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவன் அந்த நூலில் பாடக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தான். நூல் போனதும் குறிப்புகள் எதற்கென்றே புரியாமல் அநாதையாகிவிட்டன. அவன் வழக்குத் தொடர்ந்தான், அது சமரசத்தில் முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பணம் எல்லோருக்கும் திரும்பிப் போயிருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. ஏனென்றால் பணம் மட்டும் விஷயம் இல்லை. குறிப்புகளும், இருபத்திரண்டு மணி நேர சேமிப்பும், இரண்டு வெள்ளிக்கிழமைகளும் ரீஃபண்டில் வருவதில்லை.

என் கதைக்கு மிக நெருக்கமானது 2015 ஜனவரியில் நடந்தது. யுபிசாஃப்ட் நிறுவனம் பல விளையாட்டுக்காரர்களின் 'கீ'க்களை ரத்து செய்தது. திருட்டு கிரெடிட் கார்டுகளால் யாரோ வாங்கி, வேறு கடைகள் வழியாக விற்ற 'கீ'க்கள் அவை. வாங்கினவர்களுக்கு அது தெரியாது. எதிர்ப்பு கிளம்பியது. நிறுவனம் விசாரித்துவிட்டு, ஏற்கெனவே பதிவு செய்து விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் விளையாட்டைத் திருப்பிக் கொடுத்தது. அப்பா பால்காரப் பெரியவரை ஒரு மாதிரியும், பஜார் வியாபாரியை ஒரு மாதிரியும் பார்த்தாரே, அதே கணக்கு!

அதே நிறுவனம் பின்னால் வேறு முகமும் காட்டியது. 2014 டிசம்பரில் வெளிவந்த 'தி க்ரூ' என்ற கார் ஓட்டும் விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. இணைய இணைப்பு இல்லாமல் ஓடாத விளையாட்டு என்பதால், காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதன் பிறகு பலருடைய கணக்கிலிருந்தே உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திடம் அவர்கள் கொடுக்கும் மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

ஒழுங்காக நடந்துகொண்டவர்களும் உண்டு. சோனி நிறுவனம் 2024 ஆகஸ்ட் 23-இல் 'கான்கார்டு' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஓடவில்லை. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். ஆனால் வாங்கிய அனைவருக்கும் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். கடையை மூடுவதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது அல்லவா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே போட்டுவிட்டது. 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்னால் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் பொருளை விற்கும்போது, 'இது வெறும் உரிமம்தான்' என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சட்டம் கையெழுத்தான மறு மாதமே, ஸ்டீம் தளத்தில் பணம் கட்டும் இடத்தில், நீங்கள் பெறுவது உரிமம் என்று ஒரு வரி தோன்ற ஆரம்பித்தது. இவ்வளவு காலம் 'வாங்கினேன், வாங்கினேன்' என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது பாதி வாடகைதான் போலும்!

கடைக்காரர் பக்கமும் கண்ணீர் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2014 டிசம்பர் 12-ஆம் தேதி மாலை, இங்கிலாந்து அமேசானில் விலையைத் தானாக மாற்றும் ஒரு மென்பொருள் கோளாறானது. சுமார் ஒரு மணி நேரம், எத்தனையோ சிறு வியாபாரிகளின் பொருட்கள் தலா ஒரு பென்னி என்று காட்டின. கிறிஸ்துமஸ் நேரம் வேறு. வாங்கித் தள்ளிவிட்டார்கள். பெரும்பாலானவை ரத்தாயின. ஆனால் கிடங்கிலிருந்து கிளம்பிவிட்டவை போனது போனதுதான். கூரை விழுந்தது பெரிய நிறுவனத்தின் மேல் அல்ல. வீட்டு அறையில் சரக்கு அடுக்கி வைத்து விற்கும் குடும்பங்களின் மேல். அப்பாவின் கடையில் அந்தப் பதினாலு லைட்டும் போயிருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். வயிற்றைப் பிசைந்தது.

இவ்வளவையும் படித்த பிறகு என் வழக்கில் நானே நீதிபதியானேன். தீர்ப்பு இதுதான். ஏழு 'கீ' வாங்கிய எனக்கு, விளையாட்டை இழந்ததைப் பற்றிப் புலம்ப உரிமை இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கடையும் தப்பு செய்தது. பிழையைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டது, மரியாதையாக ஒரு சொல் சொல்லவில்லை, என் காசை வாலட்டில் பூட்டியது. இதில் முழுக்க முழுக்க நிரபராதி யார் என்றால், என்னை நம்பிய அந்த ஆறு தம்பிகள்தான். கடை எனக்கு என்ன செய்தது என்று மேடை போட்டுப் பேசினேனே, அதையே நான் அவர்களுக்குச் செய்திருக்கிறேன். காசை வாங்கினேன், பொருள் போனதும் கையை விரித்தேன். கடையாவது வாலட்டில் போட்டது. நான் அதுகூடப் போடவில்லை!

ஹெட்போனை விற்றால் பாதி விலைகூட வராது. அப்பாவிடம் கேட்டேன். "கடன் தரமாட்டேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை கடையில நில்லு, நாளுக்கு நானூத்தம்பது" என்றார். நின்றேன். 900 ரூபாய். ஆறு பேருக்கும் ஆளுக்கு 150 திருப்பிக் கொடுத்தேன். 39.99-க்கு வாங்கி விற்ற கதையையும் சொல்லிவிட்டேன். ஒருவன் "அடப்பாவி அண்ணா!" என்று சிரித்தான். இன்னொருவன் இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. அது அவன் உரிமை. தம்மாம் அண்ணனின் தம்பி மட்டும் பணத்தை வாங்கிக்கொண்டு, "கடைக்காரன்தானே எடுத்தான்னு சொன்னீங்க, நீங்க ஏன்ணா தர்றீங்க?" என்று கேட்டான். என் பதிலைவிட அந்தக் கேள்வி எவ்வளவோ உயரத்தில் இருந்தது.

கடைக்கும் எழுதினேன். விளையாட்டைக் கேட்கவில்லை. பிழையைத் தெரிந்துகொண்டே வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டு, ஆனால் நான் கட்டிய பணம் நான் கட்டிய வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்று மட்டும் கேட்டேன். இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. மூன்றாவதில், நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யப் போவதாக எழுதினேன். நான்காம் நாள் வங்கிக் கணக்கில் 279 ரூபாய் 93 காசு விழுந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சின்னத் தொகைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நண்பர்களே, என் அனுபவத்தில் நான்கு விஷயங்களைச் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று: விலையைப் பார்த்து உங்களுக்கே சிரிப்பு வந்தால், அது விலை இல்லை, பிழை. ஆசைக்கு ஒன்று வாங்கினாலும், போய்விடும் என்று தெரிந்தே வாங்குங்கள். ஏழு வாங்காதீர்கள். அடுத்தவருக்கு விற்கவே விற்காதீர்கள்.

இரண்டு: எதை வாங்கினாலும் விலை தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். பில்லையும் உறுதி செய்த மின்னஞ்சலையும் அழிக்காதீர்கள். தெரியாமல் வாங்கியவருக்கு அதுதான் துணை. நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஒரு தரப்பு மட்டும் தவறாக எண்ணிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்றே சொல்கிறது.

மூன்று: 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இந்தியாவில் விற்கும் வெளிநாட்டுக் கடைகளுக்கும் பொருந்தும். ஆர்டரைத் தன்னிச்சையாக ரத்து செய்யும் கடை, அதற்கான கட்டணத்தைத் தானும் ஏற்காதபோது, நாம் ரத்து செய்தால் மட்டும் நம்மிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஹாஸ்டல் சுவரில் எழுதி வைத்தாலும் தப்பில்லை. வார்டனிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

நான்கு: இதுதான் எனக்கு முக்கியம். இன்னும் ஓரிரு வருடத்தில் நாம் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவோம். எங்கள் பிரிவில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கடையின் மென்பொருளில்தான் கை வைக்கப் போகிறோம். விலைப் பட்டியலை ஏற்றுகிறவன் நம்மில் ஒருவன். நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், புள்ளியை இரண்டு இடம் தள்ளி வைக்கப் போகிறவனும் நம்மில் ஒருவன். 'விலை முந்தைய விலையில் பாதிக்குக் கீழே போனால் நிறுத்திக் கேள்' என்று நிரலில் ஒரு வரி எழுதினால் போதும், எத்தனையோ பேர் தூங்குவார்கள். பறிக்கும் மின்னஞ்சலை எழுதப் போகிறவனும் நம்மில் ஒருவன்தான். அதில் 'மன்னிக்கவும்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கக் காசு ஆகாது.

அந்த செகண்ட் இயர் தம்பி இப்போது காசில்லாத ஒரு விளையாட்டை இறக்கி வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் அறைப் பக்கம் போனால் சிரிப்புச் சத்தம் கேட்கும். போன வாரம் எட்டிப் பார்த்தேன். காதில் அந்த ஹெட்போன்தான் இருந்தது.

ஆமாம், அதை அவனிடமே கொடுத்துவிட்டேன். காசு வாங்கவில்லை.